கன்னம் பட்ட இடம்

துப்பாக்கியைக் கழுவக் கூடாது என்று கிளைட் தன் மனைவி வெர்னாவிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

முதல் உலகப் போர்க்காலத்து ராணுவத் துப்பாக்கி. ஒஹாயோவில் ஒரு பண்ணை வீட்டு ஏலத்தில், நல்ல விலைக்கு விற்கலாமென்று எடுத்தது. இரும்புக்கு எண்ணெய்த் துணி, மரத்துக்கு வெறுந்துணி, அதற்குமேல் கை வைக்கக் கூடாது. சிப்பாய் கன்னம் சாய்த்துக் குறிபார்த்த இடத்தில், மரக்கட்டையில் அழுக்கு கறுப்பாக ஏறியிருந்தது.

"அந்த அழுக்குக்குத்தான் விலையே," என்பார்.

எவனோ ஒருவனின் முகத்து அழுக்கு, சாப்பாட்டு மேசையில். அவர் எண்ணெய் வாங்கக் கடைக்குப் போன நேரம் பார்த்து வெர்னா சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டாள்.

திரும்பி வந்தவர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "வாங்க வர்றவன்கிட்ட நான் எதைக் காட்டுவேன்?"

மறுநாள் காலை கறுப்பு அதே இடத்தில் இருந்தது.

"நல்ல வேளை, நீ ஒழுங்காத் தேய்க்கல," என்று அவர் சிரித்தார்.

அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவள் தேய்த்து எந்தப் பாத்திரத்தில் கறை நின்றிருக்கிறது? மறுபடி தேய்த்தாள். மறுபடி வந்தது.

வாங்க வந்த மெர்ல் துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, கட்டையில் கன்னத்தைச் சாய்த்தார். சட்டென்று முகத்தை எடுத்துக்கொண்டார்.

"இப்ப யாரு இதை வச்சிருந்தது?"

"யாரும் தொடலையே," என்றார் கிளைட்.

"சூடா இருக்கு. பிசுபிசுன்னு வேர்வை வேற."

வெர்னா கைத்துணியை மேசைமேல் வீசினாள்.

"நான் எத்தனை தடவைதான் தேய்க்கிறது? அந்தச் சிப்பாயை முகம் கழுவிட்டு வரச் சொல்லுங்க."