போலின்னு சொல்லிடுங்க சார்

"போலின்னு சொல்லிடுங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று மேஜைமேல் குனிந்து கிசுகிசுத்தார் கணவர். படிவம் நிரப்புவதற்காக அவர் மனைவி கவுன்ட்டர் பக்கம் போயிருந்தார்.

பரிசோதகர் லென்ஸிலிருந்து கண்ணை எடுத்தார். பழைய காசு அசலா போலியா என்று பார்த்து, எழுபதுக்கு இத்தனை என்று தரத்துக்கு மதிப்பெண் போடுவது இருபத்திரண்டு வருடமாக அவருடைய வேலை. தங்கையை ஏமாற்ற வந்த அண்ணன், பங்காளியை ஏமாற்ற வந்த பங்காளி என்று அந்த நாற்காலியில் எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. பெண்டாட்டியையே ஏமாற்ற வந்தவர் இவர்தான் முதல்.

"நாணயம் பார்க்கிற இடம் சார் இது. கொஞ்சம் நாணயமாப் பேசுங்க."

கணவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். வெளியே காத்திருந்தபோது சுவரில் ஏல விலைப் பட்டியலைப் படித்ததிலிருந்தே அவருக்கு வேர்த்துக்கொண்டிருந்தது.

மனைவி படிவத்தோடு வந்து உட்கார்ந்தார். "எங்க மாமனார் வெச்சிருந்தது சார். பெட்டிச் சாவி இவர்கிட்டதான் இருந்துச்சு, நான் இன்னைக்குத்தான் கண்ணால பார்க்கிறேன். 'அப்பா சந்தையில ஏமாந்து வாங்கின தகரம்'னு பதினஞ்சு வருஷமா ஒரே கிண்டல். மாமா காரணமில்லாம பூட்டி வெச்சிருக்க மாட்டார்னு நான்தான் இவரை இழுத்துட்டு வந்தேன்."

"தகரம்தான்" என்றார் கணவர், சுரத்தே இல்லாமல்.

பரிசோதகர் காசைத் தராசில் வைத்தார். எடை இம்மி பிசகவில்லை. காந்தத்தைக் காட்டினார், ஒட்டவில்லை. லென்ஸில் பார்த்தால் காசில் பொறித்திருந்த ராணியின் மூக்கு நுனிகூடத் தேயவில்லை.

"காந்தத்தை இன்னொரு தடவை வெச்சுப் பாருங்க சார். நல்லா அழுத்தி."

"வெள்ளியை எவ்வளவு அழுத்தினாலும் காந்தம் ஒட்டாது சார்."

காசு வந்த சின்னப் பெட்டியைத் திறந்து பார்த்தார் பரிசோதகர். உள்ளே வெல்வெட் துணியில் இரண்டு குழிகள். "ஒண்ணுதானாம்மா?"

மனைவி வாய் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். "ஒண்ணுதான் இருக்கு."

பரிசோதகர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மனைவியின் பக்கம் திரும்பினார். "சுத்தமான அசல்மா. எழுபதுக்கு அறுபத்தாறு தாராளமாப் போடலாம். இதை வித்தா சின்னதா ஒரு கார் வாங்கலாம். ஜோடியா இருந்திருந்தா வீடே வாங்கலாம்."

கணவரின் முகத்தில் ஈயாடவில்லை. மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

"கேட்டீங்களா? மாமா ஏமாறல" என்று கணவரின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, சான்றிதழ் வாங்கக் கவுன்ட்டருக்கு ஓடினார்.

அவர் போகும்வரை பொறுத்திருந்த பரிசோதகர் மேஜைமேல் லென்ஸை வைத்தார். "இவ்வளவு நல்ல மனுஷியை ஏமாத்த உங்களுக்கு எப்படி சார் மனசு வந்துச்சு? நான் போலின்னு சொல்லிட்டா, அப்புறம் தனியாப் போய் வித்துக்கலாம்னு திட்டமா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல சார்." கணவர் கவுன்ட்டர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்னும் குரலைத் தாழ்த்தினார்.

"இதோட ஜோடியைப் போட்டுத்தான் சார், காலையில ஸ்டேஷன் மெஷின்ல எடை பார்த்தேன்."