பாலத்தைத் தவிர

“பாலத்தைப் பத்தி மட்டும் கேக்க மாட்டாங்கய்யா. சேனல்ல பேசி முடிச்சுட்டேன்” என்று அமைச்சரிடம் அடித்துச் சொல்லியிருந்தார் உதவியாளர்.

நேரலை தொடங்கியது. நெறியாளரின் முதல் கேள்வியே பாலம்தான்!

பாலத்தைக் கட்டியவர் கட்சித் தலைவரின் மச்சான். அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு.

“பாலம் பலமா இருக்கா, இல்லையா?”

“அதுக்கு ஒரு குழு போட்டிருக்கோம்...”

“குழு கிடக்கட்டும். இருக்கா, இல்லையா?”

“நிபுணர்கள் என்ன சொல்றாங்கன்னா...”

“பஸ் போயிட்டிருக்கு சார். இடிஞ்சா யார் பொறுப்பு? நீங்க சொல்லுங்க!”

மனுஷனைப் பேசவே விடவில்லை. கேமராவுக்குப் பின்னால் நின்ற உதவியாளர் கொதித்தார். வயசுக்காவது மரியாதை வேண்டாமா? கூப்பிட்டு உட்கார வைத்து இப்படியா மானத்தை வாங்குவது? போச்சு, நாளையிலிருந்து தனக்கு வேலையும் இல்லை.

நெறியாளர் விடாக்கண்டன். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில் அமைச்சர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“விரிசல் இருக்கு. இன்னிக்கே பாலத்தை மூடிடறோம்.”

நிகழ்ச்சி முடிந்ததும் உதவியாளர் நெறியாளரிடம் பாய்ந்தார். “வாக்குக் கொடுத்துட்டுக் கழுத்தறுக்கலாமா? நீங்கல்லாம் மனுஷங்களா?”

“உங்க ஐயாவையே கேளுங்க” என்று மைக்கைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார் அவர்.

காரில் ஏறியதும் உதவியாளர் கைகூப்பினார். “ஐயா... என்னை மன்னிச்சிடுங்க...”

அமைச்சர் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தார். “அவரைக் கேக்கச் சொன்னதே நான்தான்யா. பிடிச்ச பிடியை விடாதீங்கன்னும் சொன்னேன். நானா வாயைத் திறந்தா கட்சித் துரோகி. அவர் பிடுங்கினா, பாவம், மாட்டிக்கிட்டான்னு விட்டுடுவாங்க.”

“அப்போ என் வேலை?”

“அதுக்கு என்ன கேடு? காலையில வந்து சேரு.”

அப்பாடா! உதவியாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தத் தெம்பில் கேட்டே விட்டார். “ஆனா ஐயா, எஞ்சினியர் விரிசல்னு சொன்னப்போ நீங்க நம்பவே இல்லையே?”

“நம்பலதான். ஆனா, பாலம் பலமா இருக்குன்னு பத்திரிகைக்கெல்லாம் அறிக்கை கொடுத்த நீ, உன் பொண்ணை மட்டும் ஊரைச் சுத்தி ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறதைப் பார்த்தேன். அப்பதான்யா நம்பினேன்.”