ஏழாம் பலகை

"ஆடுங்களை மலையைவிட்டு இறக்கிடுங்கக்கா. இதுல ஒரு கையெழுத்து."

பாறை நகர்வை அளக்கும் ஒட்வார் காகிதத்தை நீட்டினார். மரம் இழைத்துக்கொண்டிருந்த போர்ஹில்ட் நிமிரவே இல்லை. ஆட்டுப்பட்டியைப் பெரிசாக்குகிறாள் போல! என்ன நெஞ்சழுத்தம் என்று அவருக்குச் சுருக்கென்றது.

"நாப்பது ஆடு. மலைப் புல்லு இல்லேன்னா வித்துட வேண்டியதுதான். அதுங்க அப்படி என்ன பண்ணுச்சு?"

"வெடிப்பு விட்ட பாறையில அடையாளப் பலகை நட்டிருக்கோமில்ல? ஃபியோர்டு கடல்கழிக்கு எதிர்க்கரையிலேருந்து கேமரா தினமும் மத்தியானம் படம் எடுக்குது. பலகை ஒரு நூல் நகர்ந்தா பாறை சரியுதுன்னு அர்த்தம். கீழே ஊரையே காலி பண்ணணும். மூணு வாரமா ஏழாம் பலகை மட்டும் ஆடுது. அதுவும் வியாழக்கிழமை வியாழக்கிழமை!"

"வியாழன்னா?"

"நீங்க ஆட்டுக்கு உப்பு கொண்டுபோற நாளு. அதுங்க வந்து பலகையில முதுகு தேய்க்குது."

"படத்துல ஆடு இருந்துச்சா?"

"படத்தை யாருக்கா பார்க்கிறா? கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு நம்பரைக் குடுக்கும். நாங்க நம்பரைத்தான் பார்ப்போம்."

"எனக்கு நம்பர் புரியாது. படத்தைக் காட்டுங்க, அளவுக்கார ஐயா."

ஒட்வார் மடிக்கணினியைத் திறந்து படத்தைப் பெரிதாக்கினார்.

ஏழாம் பலகை. அதில் சாய்ந்தபடி ஒரு சிவப்புக் கம்பளிக் குல்லா. மடியில் ரொட்டியும் பழுப்புப் பாலாடைக்கட்டியும்.

முந்தின வியாழன். அதற்கு முந்தின வியாழன். அதே குல்லா.

பலகைகளைத் துடைக்க வாராவாரம் மலையேறுகிறவர் ஒட்வார் ஒருவர்தான். தலையிலிருந்த குல்லாவை மெதுவாகக் கழற்றினார்.

"உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"பால் கறக்கிற கொட்டகையிலேருந்து பார்த்தா அந்தச் சிவப்பு பளிச்சுன்னு தெரியும். சாய்றது தப்புன்னு இப்ப நீங்க சொல்லித்தானே தெரியுது. முழங்கால் நோவோட இறங்குறீங்களே, உட்கார இடமில்லாம பலகையில சாயுறீங்க போலன்னுதான் நினைச்சேன்."

இழைத்த பலகையைத் தூக்கி, சுவரோரம் இருந்த நாலு கால் சட்டத்தின்மேல் பொருத்தி, மரத்துக்கு எண்ணெய் பூசினாள்.

"இந்தப் பெஞ்சை அந்தப் பக்கம் பிடிங்க தம்பி. ஏழாம் பலகைக்குப் பத்தடி தள்ளிப் போட்டுடலாம். எண்ணெய் இன்னும் காயலை. அந்தக் காகிதத்தை விரிச்சு உட்காருங்க."