ஈயும் ஏயும்

"ஐந்து எழுத்து இங்கிலிஷ் சொல். அதற்குள் ஈயும் ஏயும் ஒட்டி நிற்க வேண்டும். எழுத்துக் கூட்டிச் சொன்னால் போதும். ஒருவர் சொன்னதை மற்றவர் சொல்லக் கூடாது. நான் பத்து எண்ணுவதற்குள் சொல்லிவிட வேண்டும்" என்று ஃபாதர் மூன்றாவது தடவையாக மைக்கில் வாசித்தார்.

பதினெட்டுப் பேரில் மேடையில் மிச்சம் இரண்டு பேர்.

ஒருவர் றொக்சன் சேர். பூண்டுலோயா டவுனில் இங்கிலிஷ் டியூஷன் நடத்துகிறவர். திருவிழாப் போட்டியில் போன வருஷத்து அயன் பெட்டி, அதற்கு முந்தின வருஷத்து ரைஸ் குக்கர், அதற்கும் முந்தின சுவர்க் கடிகாரம், மூன்றும் அவர் வீட்டில்தான் இருக்கின்றன.

மற்றது என் மனைவி பவுலின். மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். படித்தது ஏழாம் வகுப்பு.

இந்த வருஷம் பரிசு, இரண்டு அடுப்பு கேஸ் குக்கர். சேர் வீட்டில் அதுவும் ஏற்கெனவே உண்டு. எங்கள் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் இருப்பது ஈர விறகும், அதை ஊதி ஊதிச் சிவந்துபோன பவுலினின் கண்ணும்தான்.

"பேரு குடுக்காத, மானம் போயிரும்" என்று காலையில் சொல்லியிருந்தேன்.

"போனா போகட்டும். அது அடுப்பு எரிக்குமா?" என்றாள்.

அதனால் நான் கூட்டத்தின் நடுவில், ஓர் உயரமான ஆளுக்குப் பின்னால் மறைந்து நின்றேன். பக்கத்தில் பைஸர் நானா. டவுனில் துணிக்கடை வைத்திருப்பவர். கார்மென்ட் பெக்டரிகளில் கழித்துவிட்ட டீ-சேட்டுகளைக் குவித்துப்போட்டு விற்பார். அன்றைக்குக் கோயில் வளவில் நின்ற ஆம்பிளைகளில் பாதிப்பேர் உடம்பில் இருந்தது அவர் கடைச் சரக்குதான்.

றொக்சன் சேர் கண்ணை மூடி, முகத்தை வானத்துக்குத் தூக்கி, "பிரெட்" என்றார்.

சரி.

பவுலின் கண்ணை மூடவில்லை. கூட்டத்தை ஆள் ஆளாகப் பார்த்தாள். கூச்சமே இல்லை.

"டி, ஆர், ஈ, ஏ, எம்."

"ட்ரீம்" என்றார் ஃபாதர். "சரி."

கை தட்டினார்கள். சேர் சிரித்தார். ஏதோ குருட்டு வாக்கில் வந்தது என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சேர் "கிளீன்" என்றார். அவள் "பீச்" கூட்டினாள். சேர் "வீட்" என்றார். அவள் "ஹார்ட்" கூட்டினாள். கூட்டியதை வாய்விட்டு வாசிக்க அவளுக்குத் தெரியவில்லை. அதை ஃபாதர் பார்த்துக்கொண்டார்.

"மரியநாயகம், ஒங்கட வூட்டு ஆள் களவா டியூஷன் போறாவோ?" பைஸர் நானா என் விலாவில் இடித்தார்.

அந்த நேரம் பார்த்து முன்னால் நின்றவர் விலகினார். பவுலின் நேரே என்னைப் பார்த்தாள். ஒரு கணம் கண்ணை எடுக்கவே இல்லை. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததாக ஞாபகமில்லை. எனக்குக் காது சுட்டது.

"பி, ஈ, ஏ, எஸ், டி" என்றாள்.

"பீஸ்ட்" என்றார் ஃபாதர்.

"மிருகமாம்" என்று பைஸர் நானா எனக்கு விளக்கம் தந்தார்.

சேர் இப்போது சிரிக்கவில்லை. வானத்தைப் பார்க்கும் நேரம் கூடிக்கொண்டே போனது. ஃபாதர் ஒன்பது எண்ணும்போதுதான் "ஸ்டீம்" வெளியே வந்தது.

பவுலின் முறை.

அந்த நேரத்தில்தான் இறம்பொடைப் பக்கமிருந்து பனிமூட்டம் இறங்கியது. மலையில் நாலு மணி என்றால் சொல்லிவைத்த மாதிரி வரும். குளிர் முதுகில் ஏறியது. எல்லோரும் இடுப்பிலும் தோளிலும் கிடந்த சுவெட்டரை எடுத்து மாட்டினோம். கழுத்துவரை பொத்தான் போட்டோம்.

பவுலின் இந்த ஓரம் பார்த்தாள். அந்த ஓரம் பார்த்தாள். அவள் முகம் விழுந்துவிட்டது.

"ஒன்று" என்றார் ஃபாதர்.

நான் முழங்கைகளால் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னே போனேன். என்ன செய்யப் போனேன் என்று எனக்கே தெரியாது.

"அஞ்சு. ஆறு."

அவள் முந்தானையைத் திருகினாள்.

"ஏழு. எட்டு."

றொக்சன் சேருக்குப் பொறுமையில்லை. சுவெட்டர் போடாமல் விறைப்பாக நின்றவர், திரும்பிப் போய், பின்னால் மேசையில் இருந்த குக்கர் பெட்டியைத் தூக்கக் குனிந்தார்.

"ஒன்பது..."

"எல், ஈ, ஏ, ஆர், என்!" பவுலின் போட்ட சத்தத்தில் மைக் கீச்சிட்டது.

ஃபாதர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "லேர்ன். சரி!"

சேர் குனிந்தபடியே உறைந்தார். மெல்ல நிமிர்ந்து வந்து வானத்தைப் பார்த்தார். அங்கே பனிமூட்டம்தான் இருந்தது.

பத்து எண்ணி முடிகிற நேரம், "டீச்சர்" என்றார்.

"அது ஏழு எழுத்து, றொக்சன்" என்றார் ஃபாதர் வருத்தத்தோடு.

கூட்டம் விசிலடித்தது. ஃபாதர் தானே பெட்டியைத் தூக்கிப் பவுலினின் கையில் வைத்தார். கனம் தாங்காமல் அவள் அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

சேருக்கு மனது கேட்கவில்லை. மைக்கைப் பிடுங்கினார்.

"கடைசியாச் சொன்னீங்களே, லேர்ன். அதுக்கு என்னா அர்த்தம்? சொல்லுங்க பாப்போம்!"

பெட்டியைத் திருப்பி வாங்கிவிடுவார்களோ?

பவுலின் பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க சேர்" என்றாள். "ஒங்க முதுகுலதாங்க எழுதியிருக்கு."

றொக்சன் சேர் தன் முதுகைப் பார்க்க ஒரு சுற்றுச் சுற்றினார். அவருடைய டியூஷன் கிளாஸ் டீ-சேட்டின் பின்பக்கம், டெலிபோன் நம்பருக்கு மேலே, 'லேர்ன் இங்கிலிஷ் வித் றொக்சன் சேர்' என்று சிவப்பில் பெரிதாக இருந்தது.

ஃபாதர் விதி எழுதிய தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பார்த்துச் சொல்லக் கூடாது என்று ஒன்றும் இல்லை போலிருக்கிறது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

கீழே கூட்டத்தில் ஒருவர் சுவெட்டர் பொத்தானைக் கழற்றினார். பிறகு இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் அந்தக் குளிரிலும் வளவு முழுக்க எல்லோரும் நெஞ்சைத் திறந்துபோட்டு, குனிந்து, டீ-சேட்டில் தங்களைத் தாங்களே வாசித்துக்கொண்டிருந்தோம்.