மெனு அட்டவணைக்கு வளைந்த மூலை

கணினித் திரையில் ஒரு விருந்தின் மெனு அட்டவணை இருந்தது. இடப்பக்கம் அசைவம், வலப்பக்கம் சைவம். அதே திரையில் பக்கத்திலிருந்த வெற்றுப் பெட்டியின் மூலைகள் மட்டும் அழகாக வளைந்திருப்பதைப் பார்த்து அட்டவணைக்கு வயிறு எரிந்தது.

“அண்ணே, எனக்கும் இப்படி வளையணும்!”

“அட்டவணைக்கு மூலை வளையாதுப்பா. எனக்குள்ளே வந்து உட்காரு. வெளியே நீட்டுறதை நான் மறைச்சிடுறேன்” என்றது பெட்டி.

அட்டவணை உள்ளே புகுந்தது. நாலு மூலையும் வழுவழுவென்று ஆகிவிட்டன. ஆனால் இடது மேல்மூலையில் ‘அசைவம்’ என்ற தலைப்பின் முதல் எழுத்து மறைந்துபோனது.

கீழே இருந்த கோழி வறுவல் அலறியது. “ஐயோ, என் தலைக்கு மேலே ‘சைவம்’னு இருக்கு! விருந்தாளிங்க நம்பிச் சாப்பிட்டுடுவாங்க. வெளியே வா!”

“அது கிடக்கட்டும்” என்றது அட்டவணை. “மூலை எப்படி இருக்கு, அதைச் சொல்லு.”