பிடி தளரும் நாள்

பிலோமினாவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. கைகளால்தான் பேசுவாள். கொதிக்கும் எண்ணெய் கொட்டி வலது உள்ளங்கை வெந்தபோது, புண் சீக்கிரமே மூடியது. ஆனால் தழும்பு தடித்து, விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டே போனது. அவள் பேச்சு பாதியாகிவிட்டது.

டாக்டர் ரமீஜா சொன்னதை மகள் ஸ்டெல்லா சைகையில் சொன்னாள்.

"உடம்புல இருக்கிற செல்களோட மேல ஒருவகைச் சர்க்கரை இருக்கும்மா. ஒரு புரதம் அதைப் பிடிச்சுக்கிட்டுதான் புண்ணை மூட உதவுது. உங்களுக்குப் புண் மூடின பிறகும் விடாமப் பிடிச்சிருக்கு, அதான் தழும்பு தடிச்சுக்கிட்டே போகுது. அந்தப் பிடியைத் தளர்த்துற மருந்து இன்னும் சோதனையிலதான் இருக்கு. பலிக்கும்னு உறுதி சொல்ல முடியாது."

பிலோமினா இடது கையை ஒருமுறை அசைத்தாள்.

"போடச் சொல்றாங்க" என்றாள் ஸ்டெல்லா.

நான்கு மாதம் ஊசியும் பயிற்சியும் நடந்தன. தினமும் பல்லைக் கடித்துக்கொண்டு விரல்களை மேசைமேல் நீட்டிப் பழகினாள். ஆவணியில் ஒரு காலை, ரமீஜா உள்ளே வந்ததும் அந்த வலது கை மெல்ல எழுந்தது. மூன்று விரல்கள் முழுதாகவும் ஒன்று அரையாகவும் விரிந்து, நடுங்கி, நின்று, மறுபடி அசைந்தன.

"என்ன சொல்றாங்க?"

ஸ்டெல்லா அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திக்குதாம், டாக்டர். கொஞ்சம் பொறுத்துக் கேக்கச் சொல்றாங்க."