கை பட்டிருக்கும்

போனைக் கண்ணாடி மேஜை மேல் வைத்த கையோடு அந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எப்படியாவது சரி பண்ணிக் குடுங்க தம்பி. எங்க அம்மாவோட போன். இன்கமிங்கே வர்றதில்ல."

கடைக்காரனை அந்தத் தெருவில் கைராசிக்காரன் என்றுதான் சொல்வார்கள். தண்ணீரில் விழுந்த போனாக இருந்தாலும் சரி, லாரி ஏறிய போனாக இருந்தாலும் சரி, அவன் கைக்கு வந்தால் பிழைத்துக்கொள்ளும் என்று ஒரு பேச்சு. அதில் அவனுக்கும் கொஞ்சம் கர்வம் உண்டு. இல்லை என்று சொன்னால் அது பொய்.

வழக்கம்போல முதலில் தன் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தான். மேஜை மேல் இருந்தது ஜம்மென்று அடித்தது. சிம்மும் சரி, சிக்னலும் சரி, போனுக்கு ஒரு குறையும் இல்லை. அப்படியானால் யார் கூப்பிட்டு வரவில்லை என்று கேட்டான்.

தங்கச்சி என்றார் அவர். பிறகு எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டார். தங்கை தன் மனதுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போனவள். அம்மாவோடு மட்டும் மறைவாகப் பேசிக்கொண்டிருந்தாளாம். பக்கவாதம் வந்து அம்மாவுக்கு வலது கையும் பேச்சும் போனதிலிருந்து அந்தப் பேச்சும் நின்றுவிட்டது. அவளுடைய நம்பர்கூட இவருக்குத் தெரியாது.

"நானும் அப்ப கோவத்துல கண்டபடி பேசிட்டேன். அம்மா இனிமே எத்தனை நாளைக்கோ. அவ இருக்கிற எடம் மட்டும் தெரியட்டும், நானே நேர்ல போயிடுவேன்."

கண் மூடுவதற்குள் பெற்றவள் காதில் மகள் குரல் விழ வேண்டும், அவ்வளவுதானே. இதைக்கூடச் செய்யாவிட்டால் இந்தக் கடை எதற்கு, இந்தப் பெயர் எதற்கு என்று கைராசிக்காரனுக்குத் தோன்றியது.

அம்மாவின் விரலை வைத்தால்தான் போன் திறக்குமாம். அவரையும் காரில் அழைத்து வந்திருந்தார். கடையை அப்படியே போட்டுவிட்டு இவனும் கூடப் போனான்.

முன் சீட்டில் அந்த அம்மாள் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். செயலிழந்த வலது கை மடியில் கிடந்தது. மகன் குனிந்து அந்தக் கையை எடுக்கப் போனார். உடனே இடது கை வந்து அதை இறுக்கிப் பொத்திக்கொண்டது.

"சின்னப் புள்ள மாதிரி அடம் தம்பி" என்று சிரித்தபடி, பொத்திய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிறகு கட்டைவிரலைப் போனில் அழுத்தினார். அம்மாள் கைராசிக்காரனையே பார்த்துத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தார். அதுவும் வியாதிதான் என்றார் மகன். அவனுக்குப் பாவமாக இருந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

போன் திறந்தது. கால் வேறு எங்காவது திருப்பி விடப்பட்டிருக்கிறதா என்று பார்த்தான், இல்லை. சத்தம் அடக்கி வைத்திருக்கிறதா என்று பார்த்தான், அதுவும் இல்லை. கடைசியில் பிளாக் செய்த நம்பர்களைத் திறந்தான். பெயர் எதுவும் இல்லாமல் ஒரே ஒரு நம்பர் இருந்தது. அந்த நம்பரிலிருந்து மறுபடி மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள், ஒன்றும் உள்ளே வரவில்லை.

"கெடச்சிடுச்சு சார். இது போன் கோளாறே இல்ல. கை பட்டிருக்கும்."

தன்னிடம் வருகிற போன்களில் பாதி இந்தக் கேஸ்தான் என்று விளக்க ஆரம்பித்தான். வயதானவர்கள் தூக்கக் கலக்கத்தில் எதையாவது அழுத்திவிட்டு, போன் செத்துவிட்டது என்று ஊரைக் கூட்டுவார்கள். அந்த மனிதர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த நம்பரைத் தன் போனில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

கைராசிக்காரன் பிளாக்கை எடுத்துவிட்டான். சோதித்துப் பார்க்காமல் எதையும் திருப்பிக் கொடுப்பது அவன் வழக்கமில்லை. அம்மாளின் போனிலிருந்தே அந்த நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிட்டுக் காத்திருந்தான்.

அம்மாளின் இடது கை போனைப் பிடுங்குவதுபோல நீண்டது.

"அவசரப்படாதீங்கம்மா. இதோ, உங்க பொண்ணு பேசப் போறாங்க."

சொல்லி முடிப்பதற்குள் போன் அடித்தது. அவனுக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. ஸ்பீக்கரைப் போட்டு அம்மாளின் காதருகே பிடித்தான்.

"அம்மா? அம்மா, நீதானா?"

அம்மாளின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வழிந்தது. மகன் உதட்டில் விரலை வைத்து, பேசாதே என்று கைராசிக்காரனுக்குச் சாடை காட்டினார். தங்கைக்குத் திடீரென்று குரல் கொடுத்து ஆச்சரியப்படுத்தப் போகிறார் என்று நினைத்து, அவனும் சிரித்தபடி தலையசைத்தான்.

பிறகு மறுமுனையில் அந்தக் குரல் மிகவும் இறங்கிப்போய்க் கேட்டது.

"இந்த எடமும் அண்ணனுக்குத் தெரிஞ்சு போச்சாம்மா?"